மொகம் பாக்கறவங்க பாத்துக்குங்க

ராமலிங்கத்தின் முகம் மறுபடியும் கிழிந்தது.

நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை ரூபாய் ஒரு பக்கம், மூக்கு இன்னொரு பக்கம் என்று டி.வி.யில் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போய் டக்கென்று இருட்டியது. மெஷின் நின்றுவிட்டது. மேலே டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது.

"நாசமாப் போவ!" என்றான் சக்கரபாணி.

மெஷினைத்தான் சொன்னான். ராமலிங்கம் போன வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டார். சனிக்கிழமை எரித்தாகிவிட்டது. இன்றைக்குத் திங்கள். எரிந்துபோனவரின் முகம் இந்த ஒரு கேசட்டில்தான் மிச்சம் இருந்தது, அதுவும் நாலே நிமிஷம்.

சக்கரபாணிக்கு வீடியோ எடுக்கிற தொழில். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பான். எண்பத்தேழாம் வருஷம் அது. பிள்ளைகள் பிரான்சில் இருக்கிற வீடுகளில் அப்போதுதான் சாவுக்கும் அவனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ராமலிங்கத்தின் வீட்டு முன்னறையைத்தான் வாடகைக்கு எடுத்திருந்தான்.

ராமலிங்கம் ஒரு சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வாக வந்து உட்கார்ந்தவர். ஒரே மகன் கிருஷ்ணசாமியும் அதே பட்டாளத்துக்குப் போனான். போகிற அன்றைக்கு அப்பனுக்கும் மகனுக்கும் வாசலிலேயே பெரிய சண்டை. அப்புறம் ரெண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கிருஷ்ணசாமி, சக்கரபாணியோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

அப்பா செத்த அன்றைக்குப் பக்கத்து மருந்துக் கடைக்கு ஃபோன் வந்தது.

"பெர்மிசியோன் குடுக்கமாட்டேன்றான்டா," என்று அழுதான் கிருஷ்ணசாமி. சொல்தா வீடுகளில் லீவுக்கு அப்படித்தான் பெயர். "கொள்ளிய சித்தப்பாவ வைக்கச் சொல்லு. நீ கேமராவ எடுத்துனு போ. எங்கப்பன் மூஞ்சிய எனக்கு ஒரே ஒருவாட்டி காட்டிடுடா."

"போட்டோ இருக்குதேடா உன்கிட்ட."

"போட்டோல எல்லாத்துலயும் மொறைச்சினே இருக்காருடா. கடைசியா என்னைத் திட்டுன மூஞ்சிதான் கண்ணு முன்னால நிக்குது. அவரு அமைதியாப் படுத்துனு இருக்கறத ஒருவாட்டி பாத்தாதான் எனக்கு மனசு ஆறும்."

"காட்றேன்டா. சத்தியமாக் காட்றேன்," என்றான் சக்கரபாணி.

சத்தியம் பண்ணிவிட்டுப் பார்த்தால் கையில் காலி கேசட் இல்லை. கேமராவுக்குள் இருந்தது மண்ணாங்கட்டி என்பவரின் மகள் கல்யாணக் கேசட். அதில் வால் பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது. அவசரத்துக்குப் பாவமில்லை என்று அதிலேயே எடுத்துவிட்டான். ஆகவே அந்தக் கேசட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றி, பால் பழம் சாப்பிட்டு, அடுத்த நொடியே பாடை வந்தது.

அதை அப்படியே பிரான்சுக்கு அனுப்ப முடியுமா? அப்பன் சாவைப் பார்க்க உட்கார்ந்தவனுக்கு முதலில் நலங்குப் பாட்டா? சாவை மட்டும் தனியாக வேறு கேசட்டில் காப்பி எடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் சொந்தக்காரப் பெண்மணி தனக்கொடி பாரீசுக்குக் கிளம்புகிறாள். அவள் கையில் கொடுத்துவிட்டால் மறுநாள் கிருஷ்ணசாமி பார்த்துவிடுவான். நம் ஊர்க் கேசட் ஓடுகிற டெக் அவனிடம் இருந்தது.

காப்பி எடுப்பது ஒரு பெரிய வேலையா? போன வாரம் வரைக்கும் இல்லை. சக்கரபாணியிடம் ரெண்டு பழைய டெக்கும் நடுவில் ஒரு வயரும் இருந்தன. வீட்டு விளக்கு மினுக்கு மினுக்கென்று எரியும்போதும் அவை ஓடும். அந்தப் பாழாய்ப்போன நல்ல சாமான்களைக் கொடுத்துவிட்டு, மாற்றாக சிங்கப்பூர் எடிட்டிங் மெஷின் ஒன்றை மெட்ராசிலிருந்து வாங்கிக்கொண்டு வந்திருந்தான். படத்தை இதயத்துக்குள் அடைக்கும், பூவாக விரிக்கும், எழுத்தைப் பறக்க விடும். கூடவே பீரோ உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர். மெஷின் சூடாகக் கூடாது என்பதால் எதிரில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன். அது மாவு மில் மாதிரி கத்தும். அந்தக் கத்தலுக்கு மேலே படத்தின் சத்தம் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்திருந்தான். வீட்டுக்குள் தொந்தரவு இருக்கக் கூடாது என்று நடுக்கதவைச் சாத்தி அதற்கு ஒரு மெத்தையும் சாய்த்திருந்தான். அவனைப் பொறுத்தவரை அதோடு மரியாதை முடிந்தது.

டி.வி.யில் தப்பு அடிக்கிறார்கள், மெஷின் ஓடுகிறது. மாலைகள் வருகின்றன, ஓடுகிறது. வெட்டியான் முன்னால் வந்து, "மொகம் பாக்கறவங்கல்லாம் பாத்துக்குங்க!" என்று குரல் கொடுக்கிறான், அதற்கும் ஓடுகிறது. நாலு பெண்கள் ராமலிங்கத்தின் மனைவி ஆதிலட்சுமியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவள் புருஷன் நெஞ்சில் விழுந்து, "என் ராசாவே, என்னைத் தனியா வுட்டுட்டியே" என்று ஒப்பாரி எடுக்கிறாள். கேமரா முகத்துக்குப் போகிறது. இருபது எண்ணுவதற்குள் மெஷின் படுத்துவிடுகிறது.

காலையிலிருந்து பதினோரு தடவை.

நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு அன்னக்கிளி காப்பியோடு வந்தாள். அந்த வீட்டில் வேலை செய்கிற பெண்பிள்ளை. ஐம்பது வயசிருக்கும்.

"இன்னுமா முடியல தம்பி?"

"எங்கக்கா முடியறது? ஐயா மொகம் வந்தா நின்னுபோவுது."

"உசுரோட இருந்தப்பவே அவருக்குப் போட்டோ புடிச்சா ஆவாது," என்றாள் அன்னக்கிளி. "பாவம், நீங்களும் சோறு தண்ணி இல்லாம கெடக்கறீங்க."

செவ்வாய்க்கிழமை காலை மூலக்குளத்திலிருந்து அரிகிருஷ்ணன் வந்தான். ரேடியோ ரிப்பேர் பண்ணுகிறவன். வீடியோ மெஷினை அதற்கு முன் திறந்ததில்லை. அதை அவன் சொல்லவில்லை.

"ஹெட்டுல அழுக்கு," என்றான், மூடியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே.

"புது மெஷின்டா."

"புது வூட்லயும்தான் ஒட்டடை புடிக்குது."

ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தான். மறுபடி ஓட விட்டார்கள். தப்பு, மாலை, வெட்டியான், ஆதிலட்சுமி, முகம். இருபது எண்ணினான். நின்றது. ஒரு வித்தியாசம், இப்போது முகம் பச்சையாக இருந்தது.

"இதுக்கு முன்னாடி கலராவது ஒழுங்கா இருந்துச்சு!"

"கலர வுடு. லைட்டப் பாத்தியா? மங்குச்சு. வோல்டேஜ் எறங்குது."

இது சரியான பேச்சு. சக்கரபாணிக்கு நம்பிக்கை வந்தது. "ஆனா மொகம் வர்றப்ப மட்டும் ஏன் எறங்கணும்?"

அரிகிருஷ்ணன் யோசித்தான். "பொணத்து மூஞ்சி வெள்ளை வெளேர்னு இருக்குதுல்ல? வெள்ளைக்குக் கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்."

"அப்ப கல்யாணத்துல மாப்பிள்ளை வேட்டிக்கு இழுக்கலியா?"

"அது வேட்டி."

தெருவில் எவனோ வெல்டிங் வைக்கிறான், அதுதான் இழுக்கிறது என்று அரிகிருஷ்ணன் அடுத்ததாகக் கண்டுபிடித்தான். ரெண்டு பேரும் போய்க் கோடியில் இருந்த வெல்டிங் பட்டறைக்காரனிடம் எகிறினார்கள். அவன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நாலு நாளா ஜொரம். கடையே தொறக்கல. எதுக்குய்யா ஊட்டுக்கு வந்து கத்தறீங்க?" என்றான். மாவு மில்லில் கேட்டார்கள். ஐஸ் கம்பெனியில் கேட்டார்கள். தெரு முழுக்க அவர்களுக்குப் பகையானதுதான் மிச்சம்.

மத்தியானம் ஒரு ஸ்டெபிலைசர் வந்தது. அது மகா யோக்கியமான சாமான். கரண்ட் கொஞ்சம் குறைந்தால்கூட, "இது சரிப்படாது" என்று மொத்தமாக அணைத்துவிடும். இதுவரை மெஷின் தானாக நின்றது, நிற்கிறபோது டேப்பையாவது ஒழுங்காகச் சுற்றிக்கொண்டது. இப்போது ஓட்டத்தில் கழுத்தை நெரித்த மாதிரி நின்றது. டேப் உள்ளே தளர்ந்து மடிந்தது. எடுத்துப் பார்த்தால் சரியாக முகம் இருக்கிற இடத்தில் ஒரு சுருக்கம். ராமலிங்கத்தின் மூக்குக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நிரந்தரமாக விழுந்துவிட்டது.

செத்தவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து இன்னொரு தடவை படுங்கள் என்றா சொல்ல முடியும்?

சாயங்காலம் ஆதிலட்சுமி கூப்பிட்டனுப்பினாள். கூடத்து மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு நாளில் பாதியாகி இருந்தாள்.

"அவரு மொகம் நல்லா வந்திருக்குதா தம்பி?"

"அச்சு அசலா வந்திருக்குதும்மா," என்றான். நாக்கு அழுகாதா என்று இருந்தது.

"நான் பாக்கமாட்டேன். எனக்குத் தெம்பு இல்ல. அவன் பாக்கட்டும். அவன் மனசு ஆறிச்சின்னா அவரு ஆத்மாவும் ஆறிடும்."

சக்கரபாணி திரும்பி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான்.

புதன்கிழமை காலை அரிகிருஷ்ணன் புது யோசனையோடு வந்தான். "இந்த ஊட்டு லைனே சரியில்ல. மெஷின என் கடைக்குத் தூக்கிடலாம். மூலக்குளத்துல கரண்ட் பிச்சிக்கும்."

மூணு சக்கர வண்டியில் மெஷினை ஏற்றி, தலையணை சொருகி, வில்லியனூர் ரோட்டின் அத்தனை பள்ளத்திலும் இறக்கி ஏற்றி மூலக்குளம் போய்ச் சேர்ந்தார்கள். கடை வாசலில் ஒரு ஆள் கரண்ட் கம்பத்தின் மேலே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பண்ணே கரண்ட் வரும்?"

"ராவிக்குத்தான். புதுக் கம்பி இழுக்கறோம். இனிமே உங்க ஏரியால கரண்ட் பிச்சிக்கும்!"

அதே வண்டி, அதே பள்ளம், மத்தியானம் வீடு. குலுங்கின குலுங்கலில் உள்ளே எதுவோ இடம் மாறியிருந்தது. கேசட்டைப் போட்டு, தப்பு, மாலை, வெட்டியான் எல்லாம் தாண்டி ஆதிலட்சுமி குரலெடுத்தாள். இருபது எண்ணினான். ஸ்டெபிலைசர் அணைந்தது. மெஷினுக்குள்ளிருந்து அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அரிகிருஷ்ணன் ரெண்டு விரலை உள்ளே விட்டு, கசங்கின கறுப்பு நாடாவைக் கொத்தாக வெளியே எடுத்தான்.

"எந்த எடம்டா?" என்றான் சக்கரபாணி. தெரிந்துகொண்டேதான் கேட்டான்.

"மொகம்."

நாலு நிமிஷமும் போயிற்று. ஒப்பாரியும் போயிற்று, முகமும் போயிற்று. பாக்கி எல்லாம் பத்திரமாக இருந்தது. தப்பு அடிக்கிறவனின் முகம் முத்து முத்தாக விழுந்திருந்தது.

சக்கரபாணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ராமலிங்கம் மாதிரி மூக்கு, ராமலிங்கம் மாதிரி தாடை, ராமலிங்கம் மாதிரி நெற்றி. அப்படி ஒரு முகம் இந்த ஊரில் இன்னும் ஒன்று இருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது.

உழவர்கரையில் ராமலிங்கத்தின் தம்பி கண்ணையன் வீடு. ஒன்றரை வயசுதான் வித்தியாசம். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சக்கரபாணி வாசலிலேயே காலில் விழுந்தான்.

"சித்தப்பா, நீங்க அஞ்சு நிமிசம் சாவணும்."

விஷயத்தைக் கேட்டதும் கண்ணையன் எழுந்து நின்றுவிட்டார்.

"டேய், கொள்ளி வச்ச கைடா இது. இப்ப அவரு எடத்துல நானே படுக்கணுமா?"

"கிருஷ்ணசாமிக்கு சத்தியம் பண்ணிட்டேன் சித்தப்பா. அப்பா அமைதியாப் படுத்திருக்கறதப் பாத்தாதான் மனசு ஆறும்ன்றான். நான் வேற எங்க போவேன்?"

கண்ணையன் உள்ளே போய்ச் சுருட்டி வைத்த பாயை எடுத்துக்கொண்டு வந்தார். அப்புறம், "பாய எங்க போடணும்?" என்றார்.

அங்கேயும் ஒரு சிக்கல். கொள்ளி வைத்தவர் என்பதால் கண்ணையனுக்குத் தலை மொட்டை, மீசையும் கிடையாது. செத்தவருக்கு ரெண்டும் இருந்தன. தலையைத் துணியால் மூடி, தாடையோடு சேர்த்து வாய்க்கட்டு கட்டினார்கள். மீசையைக் கண் மையில் அரிகிருஷ்ணன் வரைந்தான். முதலில் வரைந்தது கூத்துக்காரன் மீசையாக இருந்தது. அழித்து மறுபடி வரைந்தான். நெற்றியில் விபூதி, ஒரு ரூபாய், மூக்கில் பஞ்சு, மாலை.

"மூச்சு மேல வரக்கூடாது சித்தப்பா. ஓடுது."

அரை நிமிஷம் நன்றாகப் போயிற்று. அப்புறம் பிணத்தின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"சித்தப்பா, அழுவறீங்க."

"முடியலடா," என்றார் கண்ணையன், கட்டின வாய்க்குள்ளிருந்து. "அண்ணனுக்கும் இப்பிடித்தான் இருந்திருக்குமான்னு தோணுது."

முகத்தைத் துடைத்து மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை அசையாமல் கிடந்தார். ஒரு நிமிஷம், ஒன்றேகால் நிமிஷம். ராமலிங்கம்தான், சந்தேகமே இல்லை.

அந்த நேரம் பார்த்து ரேஷன் கடையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னோடு கண்ணையனின் மனைவி செல்வாம்பாள் உள்ளே வந்தாள்.

டின் விழுந்தது. "ஐயோ! அண்ணங்காரன் பின்னாலயே போயிட்டியா என் தெய்வமே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்து சுவரோரம் விழுந்தாள். தெரு கூடிவிட்டது. ஒருத்தன் தப்பு அடிக்கிறவர்களுக்குச் சொல்ல சைக்கிளை எடுத்தான். "மத்தியானம்தான் என்கிட்ட வெத்தலை வாங்குனாரு" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். வாய்க்கட்டோடு பதில் சொல்ல முடியாத கண்ணையன் வேறு வழியில்லாமல் எழுந்து உட்கார்ந்தார். வந்த கூட்டம் வந்ததை விட வேகமாக ஓடியது.

செல்வாம்பாள் மட்டும் ஓடவில்லை. விளக்குமாற்றை எடுத்தாள்.

ரூமுக்குத் திரும்பி வந்து பார்த்தான் சக்கரபாணி. அவர் எழுந்து உட்காருவதற்கு முன்னால் ரெண்டு நிமிஷம் முகம் சுத்தமாக விழுந்திருந்தது. சத்தத்தைத்தான் ஒன்றும் பண்ண முடியவில்லை. ஒப்பாரியை வைத்துக்கொண்டு வசவை வெட்டலாம் என்று பார்த்தான். செல்வாம்பாள் ரெண்டையும் கலந்தே அழுதிருந்தாள். "என் தெய்வமே, மண்ணெண்ணெக்கு நான் வரிசையில நின்னு வர்றதுக்குள்ள செத்துத் தொலைச்சியா, படுபாவி!" இதைக் கிருஷ்ணசாமி கேட்டால் என்ன ஆகும்? சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு ஒரு புல்லாங்குழல் கேசட்டைச் சன்னமாகப் போட்டான்.

தப்பு, மாலை, வெட்டியான். "மொகம் பாக்கறவங்கல்லாம் பாத்துக்குங்க!" புல்லாங்குழல். கண்ணையனின் முகம் ராமலிங்கமாக வந்தது. சக்கரபாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். இருபது, முப்பது, அறுபது. டியூப்லைட் சிமிட்டவில்லை. ஸ்டெபிலைசர் முனகவில்லை. பாடை கிளம்பி, தெரு முனை திரும்பி, கேசட் முடிகிற வரைக்கும் மெஷின் சமர்த்தாக ஓடியது.

"பாத்தியா?" என்றான் அரிகிருஷ்ணன். "இவரு மூஞ்சி கறுப்பு. கரண்ட் இழுக்கல."

வியாழக்கிழமை காலை தனக்கொடி வாசலில் காரை நிறுத்தி, கேசட்டை வாங்கிப் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டினாள். "வெள்ளிக்கிழமை குடுத்துடுவேன். பாவம், அப்பன் மொகத்தப் பாக்கத் துடிச்சினு இருக்கான்," என்றாள். கார் போய்விட்டது.

சக்கரபாணி உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தான். கிருஷ்ணசாமி நாளைக்கு அழுவான். சித்தப்பன் முகத்தைத் தொட்டுத் தொட்டு, அப்பா அப்பா என்று அழுவான். அவன் மனசு ஆறிவிடும். தனக்குத்தான் இனிமேல் ஆறாது. ஆனால் தான் என்ன பண்ணியிருக்க முடியும்? மெஷின் சதி பண்ணிவிட்டது. விதி சதி பண்ணிவிட்டது. தன்னால் முடிந்ததெல்லாம் பண்ணியாயிற்று. அப்படித்தான் நினைத்துக்கொண்டான். அப்படி நினைக்காவிட்டால் அந்த அறையில் அவனால் உட்கார்ந்திருக்க முடியாது.

அன்னக்கிளி காப்பியோடு வந்தாள். காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள்.

"முடிஞ்சிடுச்சாமே தம்பி. நல்லாருப்பீங்க. நேத்து சாயங்காலம் அந்த ஒப்பாரியே கேக்கல, நான் பொழைச்சேன். அதக் கேட்டாலே அம்மாவுக்கு மயக்கம் வந்துடுது, பாடுபடற புள்ளைகிட்ட நிறுத்துன்னு எப்பிடிச் சொல்றது? அதான் நீங்க அதப் போடறப்பல்லாம் அவங்க காதுல வுழாம இருக்கட்டும்னு தோட்டத்துக்கு ஓடி ஓடி கெணத்து மோட்டாரப் போட்டு, என் முட்டியே போச்சு!"